ஆற்றை விட்டு விலகிய பாதை

இன்று காலை மழை விட்டதும் மடவளை பஸ்ஸில் போனேன். ஆற்று வளைவில் சதுப்புச் சேற்றின் வாடை ஜன்னல் வழியே அடித்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் நினைவு வந்தது, மிஸ். "உயிர் உள்ள மணம் இது" என்பீர்கள்.

ஊரார் நடந்து போக மகாவலிக் கரையோரம் பாதை அமைக்கும் வேலை நம் பிரிவுக்கு வந்தது. நீங்கள் திட்டமிடல் அதிகாரி, நான் வரைபடம் வரைபவன். வரைபடத்தில் ஒரே பச்சையாகக் கிடந்த சதுப்பில் ஒரு துண்டு விகாரைக்கு, ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று அரசாங்கத்துக்கு, இன்னொன்று அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாருக்குச் சொந்தம். வாசல் வாசலாக ஏறினோம். எல்லோரும் இணங்கினார்கள். ஹாஜியார் மட்டும் காரணம் சொல்லாமல் "ஏலா" என்று மறுத்துவிட்டார்.

"சட்டப்படி எடுத்துக்கலாமே மிஸ், பொது வேலதானே?" என்றேன்.

"எடுக்கலாம். பிறகு அந்த மனுசன்ர வாசலால நீர் நடப்பீரோ?"

மறுமுறை போனபோது நேரே சமையலறைக்குள் நுழைந்துவிட்டீர்கள். நானும் ஹாஜியாரும் முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவியின் குரல் உள்ளேயிருந்து கேட்டது: "நாங்க அந்திக்கு குளிக்கிற எடம் மகள் அது. ஊர் ஆம்புளைகள் எல்லாம் நடந்தா நாங்க எங்க போற?"

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். நம்மிடம் சொல்லக் கூசியது அதைத்தான்.

அந்த இடத்தில் மட்டும் கரையை விட்டு விலகி, சதுப்பின் நடுவே தூண் நட்டுப் பலகைப் பாதை போடலாம் என்றீர்கள். ஆறு தெரியாத ஆற்றங்கரைப் பாதை எதற்கு என்று கூட்டத்தில் தலைமை அதிகாரி சிங்களத்தில் சீறினார். உங்கள் பதவி உயர்வு அப்போது அவர் கையில் இருந்தது. நீங்கள் எழுந்து, இலக்கணம் தவறிய உங்கள் சிங்களத்திலேயே சொன்னீர்கள்: நடப்பவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆறு தெரியாது, அங்கே இருப்பவர்களுக்கோ ஆறே இல்லாமல் போய்விடும். தலைமை அதிகாரி வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். பாதை உங்கள் விருப்பப்படி வளைந்தது. ஹாஜியார் தாமே வந்து கையெழுத்து வைத்தார்.

பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் கொதித்தேன். "ஓம், போகட்டும். நீர் கீறின கோட்டை மாத்திப் போடாதையும்" என்று சிரித்தீர்கள்.

பாதை திறந்த அன்று, அதற்குள் பற்றியிருந்த நோயோடு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். பலகையில் உட்கார்ந்து, கோரைக்குள் குஞ்சுகளோடு ஒளிந்த நீர்க்கோழியை எனக்குக் காட்டினீர்கள். ஹாஜியார் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. ஒரு துண்டுதான் உங்களால் சாப்பிட முடிந்தது. நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

இப்போது கலஹாப் பக்கம் ஒரு வீதியை அகலப்படுத்துகிறோம். என் கோடு, தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே விளையாட்டுத் தரையைக் குறுக்கே வெட்டுகிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழித்து வரைந்தேன். நாளை கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, மிஸ். ஆனாலும் எழுந்து நிற்பேன்.