ஊத்து வளைவில் நான்கு நிமிடம்

ஜூலை 14, 2025, திங்கள்

மூன்றாவது மோட்டாரும் கருகிவிட்டது. மூடியைத் திறந்ததும் வார்னிஷ் தீய்ந்த நாற்றம் கம்பம் ஊரில் நான் வாடகைக்குப் பிடித்திருக்கும் இந்த மாடி அறை முழுக்கப் பரவி, மடித்து வைத்த துணிவரை ஏறிவிட்டது. பதினோரு வருடமாக மின்சார வண்டிக்கு மோட்டார் வடிவமைக்கிறேன். கோவை சோதனைக்கூடத்தில் எதுவும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. இங்கே ஒரு பழைய ஜீப்பில் பொருத்தி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறவிட்டால் இரண்டே வாரம்தான்.

மேலதிகாரி ஈஸ்வரபாண்டி சார் போனில் பேசினார். "இன்னும் ஒண்ணுதான் மிச்சம், ஜெபஷீலா. அதுவும் போச்சுன்னா ப்ராஜெக்ட்டை மூடிட வேண்டியதுதான்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. இரக்கப்பட்டுச் சொன்னார்.

ஜூலை 16, புதன்

இன்று யாரிடமும் பேசவில்லை. பால்காரரிடம் "அரை லிட்டர்" என்றேன். அது பேச்சில் சேருமா?

ஜூலை 18, வெள்ளி

ஜீப்பிலிருந்து வரும் பதிவுகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேகம், மின்னோட்டம், கம்பிச்சுற்றின் சூடு. சூடு தொண்ணூறைத் தாண்டவே இல்லை. பின் எப்படிக் கருகும்?

தினமும் 6.50 வாக்கில் நான்கு நிமிடம் மட்டும் கோணல்மாணலாக இருக்கும். வேகம் பூஜ்யம், மின்னோட்டம் உச்சம். நிற்கிற வண்டி எதற்கு மின்சாரம் குடிக்கும்? சென்சார் கோளாறு என்று முதல் வாரமே முடிவுகட்டி, அந்த வரிகளை அழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறேன்.

ஓட்டுநர் சுருளியாண்டி அண்ணன், "நீங்களே ஒருக்கா வந்து பாருங்கம்மா" என்கிறார். போகலாம். ஆனால் ஜீப்பில் பதினான்கு பெண்கள். மோட்டார் மாட்டிய முதல் நாளே, அவர்களில் மூத்தவரான மொக்கம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "பிள்ளைக எத்தனை ஆத்தா?" இல்லை என்றேன். "வீட்டுக்காரரு?" அதற்கும் இல்லை. ஜீப்பே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குப் பயந்துதான் அறையிலேயே கிடக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் ஒரு பயமா? ஆமாம், பயம்தான்.

ஜூலை 21, திங்கள்

கடைசி மோட்டாரை மாட்டியாகிவிட்டது. நானும் ஏறிவிட்டேன். மொக்கம்மாளுக்கும் ஒரு தூக்குவாளிக்கும் நடுவே இடம்.

பாதி மலையில் செங்குத்தான ஒரு வளைவு, ஊத்து வளைவு என்கிறார்கள். அங்கே வண்டி நின்றது. பெண்கள் இறங்கி, பாறையிடுக்கில் வரும் ஊற்றில் முகம் கழுவினார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள்.

"இங்கன எதுக்குண்ணே நிறுத்துறீக?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த எப்பவும் இங்கனதான் நிப்போம்."

"இந்த வண்டியில ரேடியேட்டரே இல்லையேண்ணே!"

"அதுக்காக? பொம்பளைக தண்ணி பிடிக்க வேணாமா?"

பேசிக்கொண்டே இருக்கிறார், வலது கால் ஆக்சிலேட்டரில். கைப்பிரேக்கை அவர் ஒருநாளும் நம்பியதில்லையாம். டீசல் ஜீப்பைப் பாதி கிளட்ச்சில் பிடித்து நிறுத்திப் பழகியவர், இதை ஆக்சிலேட்டரை மிதித்தே நழுவாமல் பிடித்துவைக்கிறார். நான்கு நிமிடம்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் சுழலும்போது மூன்று கம்பிச்சுற்றும் சூட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். சுழலாமல் பாரத்தைப் பிடித்தால் ஏதோ ஒன்று தனியாக மொத்தத்தையும் சுமக்கும். நான் சென்சார் வைத்திருப்பது ஒரே ஒரு சுற்றில். பாரம் அந்தச் சுற்றிலேயே விழுந்த நாட்களில் பதிவான சூட்டையும் கோளாறு வரிகளோடு சேர்த்து அழித்திருக்கிறேன். மடச்சி.

"அண்ணே, பிரேக்கை மிதிங்க! ஆக்சிலேட்டர விடுங்க!" கத்தியேவிட்டேன்.

"மோட்டாரம்மாவுக்கு வாயி இருக்குடி!" என்றார் மொக்கம்மாள். ஜீப்பே சிரித்தது. நானும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஏற்றத்தில் நின்றால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றியாகிவிட்டது. சரிபார்க்க தினமும் போகிறேன். மொக்கம்மாள் அவித்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை என் கையில் வைத்தார். "ஒத்தையில என்னத்தச் சமைச்சுத் திங்கப்போற?" அழுகை வந்துவிட்டது. தூசி என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆறு வாரம் தாண்டியும் மோட்டார் கருகவில்லை. சார் சொன்னார்: "சாதிச்சுட்டீங்க. இனிமே ஜீப்ல போக வேண்டாம். ரிப்போர்ட்டை முடிச்சுட்டு மாசக் கடைசிக்குள்ள கோவைக்கு வந்துருங்க."

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று ஜீப்பில் போகவில்லை. ஒன்பது மணிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்து, பழக்கத்தில் பதிவைத் திறந்தால், 5.58-லிருந்து வேகம் பூஜ்யம். ஊத்து வளைவில் இல்லை. நான் தினமும் ஏறுகிற தெருமுனையில். பத்தொன்பது நிமிடம்.

பதறிப்போய் சுருளியாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். "வண்டிக்கு என்னாச்சுண்ணே?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்க வருவீகன்னு நின்னோம். மொக்கம்மா எடுக்கவே விடல. தோட்டத்துல கங்காணிகிட்ட எல்லாரும் வசவு வாங்கியாச்சு."

"ஒரு போன் அடிச்சிருக்கலாமேண்ணே?"

"அடிக்கத்தான் போனேன். தூங்குனா தூங்கட்டும், எழுப்பாதன்னு மொக்கம்மா சொல்லிருச்சு."

அறிக்கைக்குத் தேவைப்படாத வரிகளை எல்லாம் நீக்கினேன். அந்தப் பத்தொன்பது நிமிடத்தை மட்டும் நீக்கவில்லை. ஐந்தேகாலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.