ஐந்து மணி வண்டியா, ஹாஸ்டலா

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். திருவொற்றியூரில் ஐந்து மணி வண்டி. சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நடுவழியில் அரைமணி நிறுத்தம். சென்ட்ரலில் இறங்கி இரண்டு பஸ். ஏழு மணிக்கு இருக்க வேண்டிய வார்டுக்குள் நுழைந்தபோது 7.20. ட்யூட்டர் மேடம் எல்லோர் முன்னாலும், "உன் வீடு தூரம்னு நோயாளி காத்துக்கிட்டு இருப்பாரா?" ஆப்சென்ட். இத்தோடு ஆறு. இன்னும் நாலு போட்டால் பரீட்சை எழுத முடியாது, நர்சிங் இரண்டாம் வருடத்தை மறுபடி படிக்கணும்.

காலேஜ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாம். அங்கே இருக்கும் என் வகுப்புத் தோழி கலை சொன்னாள். வெள்ளி மாலை ஐந்துக்குள் படிவம் தரணும், அப்பா கையெழுத்தோடு.

வீடு சேர ஏழரை. சோற்றுக்கு முன் அப்பாவின் கால் கட்டு. சர்க்கரைக்காரர். படகிலிருந்து இறங்கும்போது மட்டிச் சிப்பி ஓடு கிழித்த புண், இடது கட்டைவிரலுக்கு அடியில். இரண்டு மாதமாகத் தொழிலுக்குப் போகவில்லை. தினமும் கட்டுகிறேன், ஆறமாட்டேன் என்கிறது. அம்மா தொட வந்தால், "உன் கையில மீன் செதிலு கீது, போமே." என் கைதான் வேண்டும்.

8, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி ஒரு அம்மா தோளில் சாய்ந்திருக்கிறேன். "இன்னாம்மா, தலகாணின்னு நெனச்சிகினியா?"

ஹாஸ்டல் போனால்: தூக்கம். படிப்பு. ஆப்சென்ட் இல்லை.
வீட்டில் இருந்தால்: அப்பா கால். நெத்திலிக் குழம்பு.
அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை.

அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். காசிமேட்டில் மீன் எடுத்து நாள் முழுக்க மார்க்கெட்டில் உட்கார்ந்த அலுப்பு அவளுக்கு. "நீ பூட்டா அந்தாளு கால யாரு பாக்கறது? நானா? கிட்ட போனாலே கத்துறாரு." பேச்சு முடிந்தது. அதற்குள் எதிர்வீட்டு அத்தை பி.பி. பார்க்க வந்து உட்கார்ந்தாயிற்று. தெருவுக்கே நான்தான் ஆஸ்பத்திரி. 150/90. உப்பைக் குறைங்க அத்தை என்றால், "கருவாடு உப்பு இல்லாம எப்டிடி இருக்கும்?"

எரிச்சல். எல்லார் மேலும்.

9, புதன்

மதியம் வகுப்பு இல்லை. நாலு மணிக்கே ஊர். கடற்கரைப் பக்கமாக நடந்தேன்.

அலையைத் தடுக்கப் போட்ட பாறைக் கல் மேல் அப்பா. பக்கத்தில் அவர் கூட்டாளி ஏழுமலை மாமா. நான் நேற்று கட்டிய கட்டு அவிழ்த்து மடித்து மடியில். புண்ணுக்கால் கடலுக்குள். எண்ணெயும் சாக்கடையும் மிதக்கிற தண்ணீர்!

கத்தினேன். மாமா எழுந்து போய்விட்டார். அப்பாவுக்கு ஒரு பதற்றமும் இல்லை.

"உப்புத்தண்ணி புண்ண உலத்தும்மா. நாங்க காலங்காலமா இதான். தெனம் கொஞ்ச நேரம் வெச்சிட்டு, நீ வர்ற நேரத்துக்குள்ள மறுபடி சுத்திகினு பூடுவேன்."

"தினமுமா? அப்போ நான் கட்டுறது எதுக்கு?"

"அதையும் வுடல, இதையும் வுடல. ரெண்டுல ஒண்ணு கேக்கும்ல?"

இரண்டு மாதம். இந்தக் காலுக்காக ஐந்து மணி வண்டி. ஆறு ஆப்சென்ட். அழுகை வந்தது, அழுதேன். வீட்டுக்கு வந்ததும் படிவத்தை நீட்டினேன். "நான் ஹாஸ்டல் போறேன்." கையெழுத்து போட்டுக்கொடுத்தார். பிறகு, "கடலம்மா மேல சத்தியமா கடல்ல கால் வெக்க மாட்டேன். நீ நிம்மதியா பட்சிட்டு வா." சிரிப்பும் வந்தது, மனசும் வலித்தது.

10, வியாழன்

காற்று. துணியெல்லாம் கரித்தூள். கலைக்கு மெசேஜ்: வர்றேன். அவள் உடனே: சன்னல் கட்டில் டீ!!

மாலை அம்மாவுக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவை சோப்பு போட்டுக் கை கழுவினாள். அப்பாவும் கத்தாமல் காலை நீட்டினார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருடி, ஆறிகினு வருது. வலியே இல்லன்றாரு."

கட்டைவிரலுக்கு அடியில் கறுப்பு. அழுத்தினேன். "வலிக்குதாப்பா?" "இல்லம்மா." இன்னும் அழுத்தினேன். "இல்லவே இல்ல. சூப்பரா கீது." இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சர்க்கரைக்காரருக்கு வலி இல்லாததுதான் பயம் என்று எனக்குத் தெரியும். அழுகல் வாடையும் தெரிகிறது. கட்டை நானே முடித்தேன்.

11, வெள்ளி

ஐந்து மணி வண்டியை விட்டேன். ஆப்சென்ட் ஏழு. அப்பாவையும் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரி. வரிசை, ரத்தம், எக்ஸ்ரே, மறுபடி வரிசை. கலை மூன்று முறை போன். எடுக்கவில்லை. நாலு மணிக்கு டாக்டர் பார்த்தார். கட்டைவிரல் செத்துவிட்டது, இன்றே வார்டில் சேர்த்து, திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதமாவது தினம் கட்டணும், தப்பினால் பாதமே போகும்.

அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை. "எம்பொண்ணு நர்சு. ஆஸ்டல்ல சேரப் போவுது."

அட்டையோடு சிஸ்டர் வந்தார். "வீட்டுல தினமும் யாரு கட்டுப் போடுவாங்க?"

அம்மா குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

நான் போடுறேன் சிஸ்டர் என்றேன். நாலே முக்கால். கையெழுத்துப் போட்ட படிவம் என் பையிலேயே.