விளம்பரத்தில் அம்மா

அன்புள்ள அம்மா,

இங்கே வளைகுடாவில், நான் வேலை செய்யும் ரூவியில் ஒரு கடையில், மூலிகை எண்ணெய் விளம்பரத்தில் உங்கள் படத்தைக் கண்டேன். ‘மூன்றே மாதத்தில் மார்புக் கட்டி கரைந்தது’ என்று கீழே போட்டிருக்கிறார்கள்.

“இது என்ர அம்மா,” என்றேன்.

“அப்படியா! மருந்து நல்லாக் கேட்டிருக்கு,” என்றார் கடைக்காரர்.

கட்டி கரைந்தது என்பதை நான் நம்பவில்லை. நீங்கள் இடக்கைக்காரி. படத்தில் போத்தலை வலக்கையால் பிடித்திருக்கிறீர்கள். இடக்கை தூக்க முடியாததுபோல் மடியில் கிடக்கிறது. போன கிழமையும் போனில், “எனக்கென்ன, சுகமாத்தான் இருக்கிறன்,” என்றீர்கள்.

எப்போதிருந்து அம்மா?

இதைக் கொண்டுவரும் கோசலா என்னோடு வேலை செய்பவள். நாளைக்கே அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு லீவு கிடைத்துவிட்டது, திங்கள் வருகிறேன். சாட்டுச் சொல்லித் தப்பப் பார்க்காதீர்கள். நான் வரும்வரை அவள் உங்களை விட்டு அசைய மாட்டாள்.

உங்கள் மூத்த மகள்