கழற்றாத காப்பு

6 மார்ச் 1933, திங்கள்

காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் சேறு. எங்கள் பிரசவ விடுதியில் இன்று இரண்டு பிள்ளைகள்.

கை கழுவும் தொட்டியில் குணேஸ்வரி அக்காவின் பக்கத்தில் நின்றேன். தங்கக் காப்பு இரண்டையும் மேலே தள்ளி, துணி சுற்றிக் கட்டிவிட்டுக் கழுவுகிறார். காப்பு, மோதிரம் எதுவும் கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அடியில் தங்கும் அழுக்கு தாய்க்குச் சுரமாக ஏறும் என்பது எந்தத் தாதிக்குத் தெரியாது?

ஒன்றும் சொல்லவில்லை. இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் அவர். இருவருக்கும் ஒரே அறை.

8, புதன்

சொல்லிவிட்டேன். அறையில், தனியாக இருந்தபோது.

"அக்கா, காப்பைக் கழட்டிப்போட்டுக் கழுவுங்கோ. மேட்ரன் கண்டால் கரைச்சல்."

தலைமைத் தாதியான மேட்ரனை ஏன் இழுத்தேன்? பயந்தது நான்.

"பன்னிரண்டு வருசமாப் பிள்ளை எடுக்கிறன். எனக்குக் கை கழுவப் பழக்கிறீரோ?" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "அந்த மனுசன் ஏழு மாசமாக் காசநோய் ஆஸ்பத்திரியில கிடக்குது. அவர் உயிரோட இருக்கேக்க என்ர கையை வெறுங்கையாக்கச் சொல்லுறீரோ, மார்க்கிரட்?"

வெளியே வந்துவிட்டேன்.

11, சனி

மூன்று நாளாக அக்கா எனக்கு முந்தியே எழுந்து தனியாக வேலைக்குப் போகிறார்.

13, திங்கள்

பங்சார் ரப்பர் தோட்டத்திலிருந்து இராஜம்மா என்றொரு பெண். பால்வெட்டுக்காரி. முதல் இரண்டும் தங்கவில்லையாம். வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நிக்குமா அக்கா? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டபடியே இருந்தாள்.

பிள்ளை எடுத்தவர் குணேஸ்வரி அக்கா. கட்டின துணி நனைந்து நழுவி, காப்பு வெளியே தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தலை வந்துவிட்டது.

பெண் குழந்தை. நல்ல குரல்.

16, வியாழன்

இராஜம்மாவுக்குச் சுரம், 101.

17, வெள்ளி

104. பல் கிட்டிக்க நடுங்குகிறாள். குழந்தையை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மேட்ரன் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்: எல்லாம் விதிப்படிதானே நடந்தது? அக்கா "ஆம்" என்றார். மேட்ரன் என்னைப் பார்த்தார். நானும் "ஆம்" என்றேன்.

ஏன் சொன்னனான்? ஐயோ, ஏன் சொன்னனான்?

18, சனி

இராஜம்மாவின் புருஷன் பழனியப்பன் வாசலிலேயே நிற்கிறார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கியபடி, "காச்சல்தானேம்மா? எறங்கிரும்ல?" என்கிறார். தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

காப்பால்தான் வந்ததா? எனக்குத் தெரியாது. சுரம் எத்தனையோ வழியில் வரும். ஆனால் நாளைக்கு இன்னொருத்தி பிரசவ அறைக்குப் போகிறாள். முறை குணேஸ்வரி அக்காவுக்கு.

19, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. விடிந்ததும் மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். காப்பையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். "கேட்டபோது ஏன் மறைத்தாய்?" என்றார்.

இருவருக்கும் இனிப் பிரசவ அறை இல்லை.

அக்கா தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். வாசலில் திரும்பி, "நல்லா இரும், பிள்ளை" என்றார். வைததா, வாழ்த்தியதா? கண் கலங்கியிருந்தது.

21, செவ்வாய்

இராஜம்மா இறந்துபோனாள். காலை பத்தரை மணி.

பழனியப்பன் குழந்தையை வாங்கத் தெரியாமல் இரண்டு கையையும் நீட்டினார். "நல்லாத்தானேம்மா இருந்தா?" இரண்டு முறை கேட்டார். கழுத்துக்கு அடியில் கை கொடுத்துப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். அதைத்தான் செய்ய முடிந்தது.

10 ஏப்ரல், திங்கள்

மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று எண்ணித்தான் போனேன். மறுபடியும் பிரசவ அறை என்றார்.

குணேஸ்வரி அக்கா தானாகவே மேட்ரனிடம் போயிருக்கிறார். "அவள் எனக்கு முதலே சொன்னவள், நான்தான் கேட்கவில்லை. பொய் சொன்னதும் என் முகத்துக்காகத்தான்" என்று சொன்னாராம். அவருக்கு இனித் துணி மடிக்கும் அறைதான்.

அங்கே போனேன். நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு விரிப்பை எடுத்தேன். கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"இங்க நில்லாதேயும். அங்க ஆள் தேடுவினம். போம்."

12 மே, வெள்ளி

செவ்வாய்க்கிழமை கடினமான பிரசவம். வெள்ளைக்கார டாக்டர் துரைசாணியே வந்தார். அவசரத்தில் மணிக்கட்டில் கடிகாரத்தோடு தொட்டிக்குள் கைவிட்டார். மேட்ரன்கூட அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. கடிகாரத்தைக் கழற்றும்படி நான் சொன்னேன். காதில் விழாததுபோல் கழுவினார். உரக்கச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார், முதலிலிருந்து கழுவினார்.

இன்று அந்தத் தாய்க்கு மூன்றாம் நாள். காலையும் மாலையும் நானே பார்த்தேன். சுரம் இல்லை.