ஆறு மாத அளவுச் சட்டை

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை-4
17-5-94, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை எரிக்கும் தேக சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. இதை நின்றுகொண்டு படிக்காதே அம்மா, உட்கார்ந்து படி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குழந்தைக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா இன்று காலை வாயால் சொன்னார். லவீனாவை ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சனிக்கிழமை ஐஎஸ்டி பூத்திலிருந்து பேசினபோது பாப்பா தூங்குகிறாள் என்று சொன்னேனே, அவள் அப்போது கையில் குளுகோஸ் ஊசியோடு கிடந்தாள். உன் குரல் கேட்டதும் எல்லாரும் நல்லா இருக்கோம் என்று என் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சைதாப்பேட்டை பொன்ராஜ் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். தபாலில் போட்டால் பத்து நாளாகும், அதற்குள் நீ இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாயோ என்று பயந்து அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். போன செப்டம்பரில் நாலு மாதக் குழந்தையை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நவம்பரில் உன்னோடு வேலை பார்க்கிற பெண் மூலமாக முதல் சட்டை வந்தது, வெள்ளை லேஸ் வைத்தது, ஆறு மாத அளவு. கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், உள்ளே பிடித்துத் தைத்துப் போடுங்கள் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். பிடித்துத் தைப்பதாவது, தலை நுழைந்ததே பெரும்பாடு. உன் மகள்தான் பூசணிக்காய் மாதிரி உருண்டுகொண்டிருந்தாளே! பத்தவில்லை என்று எழுதினால் ஜொவி உடைஞ்சு போயிடுவா, அவ விட்டுட்டுப் போன குழந்தை அப்படியே இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, அதைக் கெடுக்காதீங்க என்று உன் அம்மா அழுதாள். உன் அம்மா ஐரின் சொன்னாள் என்று அவள் தலையில் பழியைப் போட மாட்டேன், எழுதினது நான். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை கத்தரித்து, நாலு ஊக்கு மாட்டி, முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி கச்சேரி ரோட்டு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோம். அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது அம்மா என்று உனக்கு எழுதினேன். அந்த ஒரு வரி! பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்துநாலு வருஷம் முட்டி போட வைத்த வாத்தியார் நான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீ என்ன செய்வாய், அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதே அளவிலேயே வாங்கி அனுப்பினாய். கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு வெல்வெட், ஈஸ்டருக்கு மஞ்சளில் முத்துப் பதித்தது, நடுவில் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும், ஒவ்வொன்றையும் முதுகில் கிழித்தோம். மற்ற நாளெல்லாம் குழந்தை வெறும் ஜட்டியோடு மொசைக் தரையில் தவழ்ந்து குஷியாகத்தான் இருப்பாள், போட்டோ எடுக்கிற நாள் வந்தால்தான் வீட்டில் ரகளை.

போன எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு முதல் பிறந்த நாள், அக்னி நட்சத்திரம் வேறு. நீ அனுப்பின ரோஸ் சாட்டின் கவுன், அதற்கு மேல் மூன்று அடுக்கு நைலான் வலை, கைக்கு எலாஸ்டிக், தாடைக்குக் கீழே கட்டுகிற தொப்பி, சாக்ஸ், ஷூ. எல்லாம் போட்டோவில் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை நாலு ஊக்கு போதவில்லை, நடுவில் ஒரு துணியை ஒட்டுக் கொடுத்து ஆறு ஊக்கு மாட்டினோம். பூசைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோயில் வாசலில் ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளி யார் வீட்டு ஃபாரின் பொம்மை இது என்று கேட்டார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இனிமேல் உன்னிடம் எதையும் மறைப்பானேன். பிரசங்கத்தில் சிணுங்க ஆரம்பித்தவள் ஸ்டுடியோவில் விளக்கைப் போட்டதும் வீல் என்று கத்தினாள். போட்டோ எடுக்கிற இசக்கிமுத்து நல்ல மனிதர், பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது சார், எல்லாத்தையும் கழத்திருங்க, வெறும் மேலோட எடுத்தாலும் ராசாத்தி மாதிரிதான் இருப்பா என்று சொன்னார். உன் வேலையைப் பாருய்யா, இவளைப் பெத்தவ அங்கே காத்துக்கிட்டு இருக்கா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். கிழித்த இடம் விரிந்து தெரியக்கூடாது என்று உன் அம்மா பின்னால் மறைந்து உட்கார்ந்து குழந்தையின் முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குழந்தை கத்தக் கத்த இன்னும் இறுக்கிப் பிடி என்று அதட்டியவன் நான். அந்தக் கைக்கு அடியில் ஒரு ஊக்கு வாயைத் திறந்துகொண்டு உள்ளே இறங்கியிருந்தது ஜொவி. வீட்டுக்கு வந்து கவுனைக் கழற்றினபோதுதான் பார்த்தோம், உள் லைனிங் எல்லாம் ரத்தம்.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டாமா? மஞ்சள் பற்றுப் போட்டால் ஆறிவிடும், ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்று நினைத்தோம். செவ்வாய்க்கிழமை தோள்பட்டைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது, மறுநாள் காய்ச்சல், வியாழக்கிழமை காலையில் கண் சொருகி வலிப்பு வந்துவிட்டது. நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டாம். தெருமுனை ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னா பெர்சு நின்னுக்கினு கீறே, கொயந்த கண்ணு சொருவிக்கினு கீது, ஏறு ஏறு என்று என்னை உள்ளே தள்ளாத குறைதான். டாக்டர் அஃப்சருன்னிசா உடனே கீறிச் சீழை எடுத்தார்கள். குழந்தை போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பிறகு என்னை அழைத்து, இவ்வளவு பெரிய குழந்தைக்கு ஆறு மாசச் சட்டையை யார் போடச் சொன்னது என்று கேட்டார்கள். அவள் அம்மா ஆசையாக அனுப்பினது என்றேன். அவங்க இந்தக் குழந்தையைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு என்று கேட்டார்கள். அதட்டிக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகக் கேட்டார்கள். எட்டு மாசம் என்றேன்.

ஊக்கு குத்தினது ஆறிவிடும் அம்மா. ஆறாதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். ஒவ்வொரு சட்டையைப் போடும்போதும் மம்மி அனுப்பினது, மம்மி வந்தாச்சு பாரு, மம்மி மம்மி என்று கொஞ்சிக்கொண்டேதான் தலையை நுழைப்போம், நீ மறந்துபோகக் கூடாதே என்று. நேற்று ஒரு நர்ஸ் கஞ்சி ஊட்ட வந்தவள் மம்மி எங்கே பாப்பா என்று விளையாட்டாகக் கேட்டாள். குழந்தை கிடுகிடு என்று நடுங்கி, கையிரண்டையும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அலறினாள். மம்மி என்றால் அந்தக் கவுன் என்றுதான் அவளுக்குத் தெரியும் ஜொவி, அது ஒரு ஆள் என்று தெரியாது. ஐயோ, உன் பிள்ளைக்கு நாங்கள் இதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். உன் அம்மா அதிலிருந்து பித்துப் பிடித்தவள் மாதிரி இருக்கிறாள், சோறு இறங்கவில்லை, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் அவளைத் தேற்றத் தெம்பில்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், பெற்ற அப்பன் மகளிடம் கேட்கக்கூடாததுதான், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. இரண்டு வருஷம் கழித்து நீ வந்து இறங்கினால் இவளுக்கு மூன்று வயது, உன்னைப் பார்த்து ஓடி ஒளிந்தால் நீயும் தாங்க மாட்டாய் நானும் இருக்க மாட்டேன். சொந்த வீடு வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை, எனக்குத் தெரியும், அவரைக் குறை சொல்லவில்லை. இந்த வாடகை வீட்டில் நீ நன்றாகத்தானே வளர்ந்தாய். உன் மகள் இப்போது இருபத்தொன்பது அங்குல உயரம், மார்புச் சுற்று பதினெட்டரை, ஆஸ்பத்திரி டேப்பில் நானே பிடித்துப் பார்த்தேன், மேலே நாலு கீழே மூன்று பல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஆறேழு அடி நடக்கிறாள். இதுதான் நிஜம், இதுவரை எழுதின மற்றதெல்லாம் கிழித்துப் போடு. எங்களைத் திட்டு, மாப்பிள்ளையையும் திட்டச் சொல், ஆனால் சீக்கிரம் வா.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். வேலையை விட்டு வரவும் டிக்கெட் கிடைக்கவும் ஒரு மாதமாவது ஆகும் என்று பொன்ராஜ் சொல்கிறான், அங்கே இருக்கிற அவன் தம்பி அடுத்த வாரம் ஊருக்கு வருகிறானாம். அவனிடம் புதுச் சட்டை எதுவும் கொடுத்தனுப்பாதே. நீ கட்டிப் படுக்கிற பழைய நூல் புடவை ஒன்று கொடுத்தனுப்பு, நீ வருகிறவரை பாப்பாவை அதில் படுக்க வைக்கிறோம். மறக்காமல், துவைக்காமல் அனுப்பு அம்மா.

உன் அப்பா,
ச. ராஜநாயகம்