விற்பனைக்கு வைத்த ஜீப்

மாமா,

ஜீப் பார்க்க எருமப்பட்டிக்காரர் பத்து மணிக்கு வருவார். வண்டி கொடுப்பதாக இல்லை என்று சொல்லி, சாப்பிட வைத்து அனுப்புங்கள். தட்டைப்பயிறுக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

"மூணு வருசமா அந்தப் பழைய வண்டியச் சரி பண்ணுனீங்க, ஒரு நாளாச்சும் என்னைய ஏத்துனீங்களா? வித்துப்போடுங்க!" என்று கத்தியது நான்தான். அதனால்தான் விளம்பரம் போட்டீர்கள், தெரியும்.

இன்று விடியலில் சும்மா ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் நீங்கள் மாட்டிய புது இன்ஜின் மெல்ல உறுமியது. கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி, மலைப்பாதைப் பனிக்குள் மிதந்துவிட்டுத் திரும்பினேன். சக்கரம் தரையில் பட்டதாகவே நினைவில்லை. நீங்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கும் அதிலேயே போகிறேன். என் ஸ்கூட்டர் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது.

உங்கள் பெண்டாட்டி சத்யபிரியா

பி.கு: ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவோம். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், நான் ஓட்டுகிறேன்.