நீல நத்தை

விருத்தாசலம்
10.12.2025

அன்புள்ள சங்கரிக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்; அதனால் எழுதுகிறேன். கை வீக்கம் வடிந்ததா?

நாளெல்லாம் செராமிக் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவன் புத்தி வேறெங்கே போகும்? தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் அரை விரல் நீளத்துக்கு அந்த நீலப் பளபளப்பைக் கண்டதும், யாரோ தவறவிட்ட நம்ம ஊர் பொம்மை என்றே நினைத்தேன். மணலோடு துண்டில் அள்ளி உன் கையில் வைத்தேன்.

உன் கையைப் பார்த்த டாக்டர் சொன்ன பெயரைப் போனில் தேடினேன். நீல டிராகனாம்; ஓடில்லாத கடல் நத்தை. காற்றை விழுங்கிக்கொண்டு நடுக்கடலில் மல்லாந்து மிதக்குமாம். கொட்டுகிற ஜீவன்களைத் தின்று, அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளுமாம். எனக்கெப்படித் தெரியும், சொல்லு?

அம்மாவும் உன்னை விசாரித்தார்கள். பொங்கலுக்குள் வந்துவிடு.

உன்
சக்கரபாணி


பெண்ணாடம்
14.12.2025

சக்கரபாணி அவர்களுக்கு,

கை தேவலாம். நத்தை விஷயத்தில் எனக்குக் கோபமே இல்லை, தெரியாமல் வைத்தீர்கள். கொட்டியதும் நான் அலறினேனே, அப்போது என்ன சொன்னீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், அதைக் காணோம்.

"ஏய், நடிக்காத. எல்லாரும் பாக்குறாங்க."

தலைவலி என்று படுத்தால் அத்தை இதைத்தான் சொல்வார்கள். நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்ற தெம்பில்தான் அந்த வீட்டில் இருந்தேன். அன்று நீங்களே அதைச் சொன்னதும் அத்தை, உங்கள் அக்கா, அவர் வீட்டுக்காரர் எல்லாரும் சிரித்தார்கள்.

அவமானம் நாலு பேர் நடுவில், சமாதானம் ஒட்டின கவரிலா? அவர்கள் முன்னால் "அவ நடிக்கல, நான் சொன்னதுதான் தப்பு" என்று ஒரு தடவை சொல்லுங்கள். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

சிவசங்கரி


விருத்தாசலம்
22.12.2025

சங்கரிக்கு,

நேற்று அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். காலையிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டதும், "சங்கரிய பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றார்கள். "என்னடா, நாடகம் முடிஞ்சுதாமா? எப்ப வூட்டுக்கு வராளாம்?"

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. மாமா இலையில் குனிந்தபடி சிரித்தார்.

நானும் சிரித்தேன், சங்கரி.

சிரித்துவிட்டு, மோர் ஊற்றிக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டேன். சொல்லிவிட்டேன் என்று பொய்யாக ஒரு கடிதம் எழுதிக் கவரில்கூடப் போட்டேன். நீயும் நம்பி வந்திருப்பாய். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

இனி வா என்று எழுதக் கை வரவில்லை. உன் தையல் மிஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன், நாளை வேனில் அனுப்புகிறேன். பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க ஆட்கள் வரும் நேரம். அது உன்னிடம் இருக்கட்டும்.

சக்கரபாணி